விலகிப்போகிறவர்கள் நடுவில் வேத உபதேசத்தில் நிலைத்திருப்பது எப்படி?

கேள்வி இதுதான்: சபையில் உடன் வளர்ந்த வாலிபர்கள் ஒவ்வொருவராக ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்களிலும் பலர் ஆசீர்வாதம், வாக்குத்தத்தம் தவிர வேறெதையும் கேட்க விரும்புவதில்லை. இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் வேதத்தின் உபதேசத்தில் எப்படி நிலைத்திருப்பது? விலகினவர்களுக்காக என்ன செய்வது?

பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப்போவது, என்றதும் நம் கண்ணில் படுவது அதன் பிந்திய படிதான். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை என்பதை மட்டும் கவனிக்கிறோம். எபிரெயர் நிருபமோ அதற்கு முன்னாலிருக்கிற படிகளையும் காட்டுகிறது. 2:1-ல், "நாம் கேட்டவைகளை விட்டு விலகாதபடிக்கு, அவைகளை மிகுந்த ஜாக்கிரதையாய்க் கவனிக்கவேண்டும்" என்கிறது. அங்கே யாரும் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை, கேட்டதைக் கவனிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். 3:13-ல் இருதயம் கடினப்படுவதைப் பற்றிய எச்சரிப்பு வருகிறது. 5-ஆம் அதிகாரத்தின் கடைசியில், போதகராயிருக்க வேண்டியவர்கள் கேட்பதில் மந்தமாகி மறுபடியும் பால் உண்கிற நிலைக்கு வந்ததைக் கண்டிக்கிறது. சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிட்டதைப் பற்றி 10:25-ல்தான் பேசுகிறது. கவனம் குறைந்து, மனம் இறுகி, பசி மங்கி, அதன்பிறகுதான் ஆள் வராமல் போகிறார். நாம் நான்காவது படியில் விழித்துக்கொண்டு, "ஏன் சர்ச்சுக்கு வரவில்லை?" என்று கேட்கிறோம். தன்னைக் காத்துக்கொள்ள நினைக்கிறவர் முதல் படியிலேயே காவல் வைக்க வேண்டும்.

தேமாவை எடுத்துக்கொள்ளுங்கள். பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் பவுல் அவனை உடன்வேலையாட்களில் ஒருவனாக, லூக்காவின் பெயரோடு சேர்த்துச் சொல்லுகிறார். கொலோசெயர் 4:14-லும் அவன் பெயர் இருக்கிறது. 2 தீமோத்தேயு 4:10-ல் "இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து" பவுலை விட்டுப் பிரிந்து தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். உபதேசத்தில் தகராறு என்றோ, ஒருவரோடு சண்டை என்றோ பவுல் காரணம் சொல்லவில்லை. ஆசை இடம் மாறியது. அப்போஸ்தலனுக்குப் பக்கத்திலேயே இருந்தவனுக்கு இது நடந்தது என்றால், பாடகர் குழுவில் இருப்பதும், கமிட்டியில் இருப்பதும், தாத்தா உபதேசியாராக இருந்ததும் யாரையும் காப்பாற்றிவிடாது.

வேதம் தொலைவது பெரும்பாலும் சபைக்கு வெளியே அல்ல. 2 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தில், யோசியா ராஜாவின் 18-ஆம் வருஷத்தில், பழுதுபார்க்கும் வேலை நடந்த சமயம் பிரதான ஆசாரியனாகிய இல்க்கியா நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டெடுத்தான். எங்கே? கர்த்தருடைய ஆலயத்திலேயே. ஆசாரியர்கள் இருந்தார்கள், வாசல்காவலர்கள் பணம் வசூலித்தார்கள், தச்சர்களும் கொற்றர்களும் வேலை செய்தார்கள். புஸ்தகம் மட்டும் யார் கையிலும் இல்லை. இன்றைக்கு வீட்டுக்கு நாலு வேதாகமம் இருக்கிறது, போனிலும் இருக்கிறது. ஆனால் பலர் கையில் உண்மையில் இருப்பது தனித்தனியாக வெட்டியெடுத்த நூறு, நூற்றைம்பது வசனங்கள்தான். புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வசனப் படம், சுவரில் தொங்கும் காலண்டர் எல்லாம் அந்த நூற்றைம்பதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்த வசனங்கள் தேவனுடைய வார்த்தைதான், சந்தேகமில்லை. இடத்தை விட்டுப் பிடுங்கினால் அவை சொல்லாததைச் சொல்ல ஆரம்பிக்கும், அதுதான் ஆபத்து.

இரண்டு உதாரணம் போதும். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது உபாகமம் 28:13-ல் இருக்கிறது. அந்த அதிகாரத்தில் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடுகிறது. மீதி 54 வசனங்கள் கீழ்ப்படியாதவர்கள்மேல் வரும் சாபம். 44-ஆம் வசனத்தில் அதே தலையும் வாலும் திரும்ப வருகின்றன, இந்த முறை தலைகீழாக. அட்டையில் 13 மட்டும் அச்சாகிறது, அந்த வசனத்திலேயே இருக்கிற நிபந்தனைகூடப் பல நேரம் விடுபட்டுப்போகிறது.

அடுத்தது எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வாக்கு. அது பாபிலோனுக்குச் சிறையாய்க் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம். 5-ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்லுகிறது. 8-ஆம் வசனம் அவர்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகளிடம் ஏமாற வேண்டாம் என்கிறது. 10-ஆம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் அந்த மீட்பைக் கண்ணால் காணப்போவதில்லை. முந்தின 28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்பும் சொன்னான். கேட்க எவ்வளவு இனிமை! ஐந்தாம் மாதத்தில் சொன்னவன் அதே வருஷம் ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். 29:11-ஐ மட்டும் எடுத்து "இந்த வருஷமே உன் நிலைமை மாறும்" என்று பிரசங்கிக்கிறவர், எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு அனனியாவின் செய்தியைச் சொல்லுகிறார். இப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளை, நிலைமை மாறாதபோது தேவன் பொய் சொன்னார் என்று முடிவுகட்டிப் போய்விடுகிறது. விலகுகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த வழியாகத்தான் வெளியே போகிறார்கள் என்பது என் கணிப்பு. தேவன் கொடுக்காத வாக்கை அவர் பெயரில் கொடுப்பது சின்னக் குற்றமல்ல.

ஆகவே முதல் வேலை, புஸ்தகத்தை முழுப் புஸ்தகமாக வாசிப்பது. நம் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260, ஆக 1189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23; ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். கணக்கு சரி, ஆனால் பெரும்பாலோர் பாதியில் விடுவது எங்கே என்று பாருங்கள். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. இந்த வேகத்தில் ஜனவரி மாதக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகளும் தோல்வியாதிச் சட்டங்களும் தொடங்குகிற அந்த இடத்தில் ஆர்வம் வற்றிவிடும். நாலு நாள் தவறும், பன்னிரண்டு அதிகாரம் பாக்கி விழும், பாக்கியைப் பார்த்துப் பயந்து புஸ்தகத்தையே மூடிவிடுவார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வேறு. முதல் வருஷம் புதிய ஏற்பாடு மட்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம். 52 வாரத்தில் 260-உம் முடியும். ஓர் அதிகாரத்துக்குச் சராசரியாக நான்கைந்து நிமிஷம் போதும். மீதி இரண்டு நாளும் தவறினதை ஈடுகட்ட. இரண்டாம் வருஷத்திலிருந்து பழைய ஏற்பாட்டில் இரண்டு, புதிய ஏற்பாட்டில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய ஏற்பாடு முடிய பதினைந்து மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும், பரவாயில்லை. லேவியராகமம் வாசிக்கிற நாட்களில் புதிய ஏற்பாட்டுப் பகுதியாக எபிரெயர் 7 முதல் 10 வரை வைத்துக்கொண்டால், அந்தப் பலிகள் எதற்காக என்பது விளங்கும். நாள் தவறினால் இரட்டிப்பாக வாசிக்க முயல வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சங்கீதங்கள் 150-ஐ நாளுக்கு ஐந்தாக முப்பது நாளில் ஜெபமாகவே வாசிக்கலாம். 119-ஆம் சங்கீதத்துக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், அதில் 176 வசனம் இருக்கிறது.

இதோடு வருஷத்தில் ஒரு மாதம், ஒரே சின்ன நிருபத்தைத் தினமும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். கொலோசெயர் இதற்கு ஏற்றது. நான்கு அதிகாரம், 95 வசனம், கால்மணி நேரம். கள்ள உபதேசம் நுழைந்துகொண்டிருந்த சபைக்கு எழுதப்பட்டது என்பதால் நம் கேள்விக்கும் நேரடியாகப் பொருந்தும். பத்து நாளைக்குள் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எப்படிக் கோத்திருக்கின்றன என்று தெரியத் தொடங்கும். அதற்குப்பின் யாராவது அதிலிருந்து ஒரு வசனத்தைப் பிடுங்கிக் காட்டினால், "அதற்கு முன்னால் பவுல் வேறு சொல்லியிருக்கிறாரே" என்று மனம் தானாகவே சொல்லும். ஆங்கில வழியில் படித்த பிள்ளைகளுக்குப் பழைய திருப்புதலின், அதாவது சபைகளில் வழக்கமாக வாசிக்கிற வேதாகம மொழிபெயர்ப்பின், தமிழ் கடினமாக இருக்கும். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். புரியாமல் வாசிப்பதைப் பக்தி என்று எண்ணி வற்புறுத்த வேண்டாம். நெகேமியா 8:8-ல் லேவியர் வாசித்ததோடு நிறுத்தாமல் அர்த்தஞ்சொல்லி விளங்கப்பண்ணினார்கள்.

அடுத்தது, கேட்கிற பிரசங்கத்தை நிதானிப்பது. பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17:11 அவர்களை மெச்சுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஞாயிறுதோறும் மூன்று விஷயம் குறியுங்கள். எந்த வேதபகுதி, பிரசங்கத்தின் முக்கியக் கருத்து அந்தப் பகுதியிலிருந்து வந்ததா, கிறிஸ்துவின் சிலுவையைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் மனந்திரும்புதலைப் பற்றியும் என்ன சொல்லப்பட்டது. ஒரு பிரசங்கத்தை வைத்து யாரையும் நியாயந்தீர்க்கக்கூடாது, ஊழியருக்கும் சோர்ந்த வாரங்கள் உண்டு. எட்டு ஞாயிறு எழுதினபின் திரும்பிப் பாருங்கள். தவறான உபதேசம் பல நேரம் பொய்யாக வருவதில்லை, சொல்லாமல் விட்டதில் இருக்கும். எட்டு வாரத்திலும் சிலுவை ஒரு முறைகூடப் பேசப்படவில்லை என்றால் உங்கள் கவலைக்கு ஆதாரம் இருக்கிறது.

விசுவாசம் இருந்தால் வியாதியே வராது என்று போதிக்கிறவர்கள், நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்க வேண்டும் என்கிற 3 யோவான் 2-ஐ எடுப்பார்கள். அது காயுவுக்கு யோவான் எழுதின கடிதத்தின் முகப்பில் இருக்கும் அன்பான வாழ்த்து. பவுலோ தன்னோடு பிரயாணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20-ல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி உடல்நலம் கெட்டதும் 1 தீமோத்தேயு 5:23-ல் இருக்கிறது. "இந்தக் காணிக்கை விதைத்தால் இத்தனை மடங்கு" என்று தொகை குறிப்பிடுகிறவரிடத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அற்புதம் நடக்கிறதே என்பார்கள். உபாகமம் 13-ன் முதல் மூன்று வசனங்கள் அதற்கும் பதில் சொல்லியிருக்கின்றன: சொன்ன அடையாளம் நடந்தாலும், அவன் எந்தத் தேவனிடத்துக்கு நடத்துகிறான் என்பதே அளவுகோல்.

தவறு தெரிந்தால் என்ன செய்வது? அப்பொல்லோ என்ற பிரசங்கியின் போதனையில் குறை இருந்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தனியே சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). போதகரை நேரில், தனியாகப் பாருங்கள். வேதபகுதியைத் திறந்து வைத்து, "ஐயா, இந்த இடத்தை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று கேள்வியாகக் கேளுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவர் திருந்தவும் வழியிருக்காது, நீங்கள் பின்வாங்கவும் வழியிருக்காது. எதற்காகப் பேசுகிறோம் என்பதிலும் அளவு வேண்டும். கிறிஸ்து யார், அவர் ஏன் மரித்தார், உயிர்த்தெழுந்தாரா, இரட்சிப்பு கிருபையாலா கிரியையாலா என்பவற்றில் வேறு சுவிசேஷம் வந்தால், அப்படிப் பிரசங்கிக்கிறவன் சபிக்கப்பட்டவன் என்று கலாத்தியர் 1:8 பேசும் இடம் அது. அங்கே விட்டுக்கொடுக்க முடியாது, திருந்த மறுத்தால் அந்தச் சபையை விட்டு வேறு சபைக்குப் போவதும் நியாயமே. நகை போடலாமா, கைதட்டிப் பாடலாமா, முக்காடு எத்தனை வயதிலிருந்து என்பவை, ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதிருங்கள் என்று ரோமர் 14 பேசுகிற மாதிரியான விஷயங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சண்டையிடுகிற சபைகளில் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் சபைகளைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் வந்துகொண்டே உபதேசத்தை விட்டு விலகியிருப்பதும் உண்டு, தமிழ்ச் சபைகளில் அதன் பெயர் சாதி. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தி ஒதுங்கினபோது, அதை ஒரு பழக்கவழக்கப் பிரச்சினையாகப் பவுல் விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை என்று எல்லார் முன்பும் கண்டித்தார் (கலாத்தியர் 2:11-14). 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனடியாக ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். தஞ்சாவூர் முதலிய இடங்களில் பலர் கீழ்ப்படிவதைவிட விலகிப்போவதையே தெரிந்துகொண்டார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் பிரிவு, வரன் தேடும்போது சாதி, சபைத் தேர்தலில் சாதி என்று தொடர்ந்தால், பிள்ளைகள் நம் விசுவாசப்பிரமாணத்தை நம்ப மறுப்பதற்கு நாமே காரணம் கொடுக்கிறோம். வேத உபதேசத்தில் நிலைத்திருக்க விரும்புகிற குடும்பம், முதல் வரன் வரும்போதே இதில் தன் நிலையைச் சொல்லிவிட வேண்டும்.

சபை ஐக்கியத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆபத்தான காலம் ஊர் மாறும் காலம். கல்லூரிக்கோ வேலைக்கோ சென்னை, பெங்களூர், வளைகுடா என்று போகிறவர்கள் முதல் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சபையில் சேராவிட்டால், பெரும்பாலும் அந்த வருஷம் முழுக்கச் சேருவதில்லை. புறப்படுவதற்கு முன்பே அந்த ஊரில் ஒரு சபையின் முகவரி, ஆராதனை நேரம், அங்கே ஒருவருடைய தொடர்பு கையில் இருக்கட்டும். வளைகுடாவில் பலருக்கு வெள்ளிக்கிழமைதான் ஆராதனை, அதற்கேற்ற வேலை நேரத்தையும் முன்கூட்டியே விசாரியுங்கள். யூடியூப் ஆராதனை படுக்கையிலிருக்கிற வியாதியஸ்தருக்கு உதவி. நடமாடுகிறவருக்கு அது சபையாகாது. "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்ற எபிரெயர் 3:13-ஐத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து நிறைவேற்ற முடியாது, நீங்கள் கடினப்படுவதைத் திரை பார்ப்பதில்லை. குறைந்தது ஒருவராவது, வாரம் ஒருமுறை, "எதை வாசித்தாய், எதில் விழுந்தாய்?" என்று கேட்கும் உரிமையோடு இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் குடும்ப ஜெபம் பத்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு பகுதி, ஒரு கேள்வி, ஒரு ஜெபம், ஒரு சரணம் பாட்டு. கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் ஞானோபதேசத்தை மறுபடியும் கையிலெடுங்கள். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த மிஷனரிகள் தமிழில் முதலில் கொண்டுவந்தவற்றில் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தரின் சிறு ஞானோபதேசமும் ஒன்று. பத்துக் கற்பனை, விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்று ஒரு பிள்ளை அறிய வேண்டியதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது. ஜெர்மனியில் 1563-ல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை என்ற ஞானோபதேசம் 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பிரித்தே வைத்திருக்கிறது. திடப்படுத்தலுக்கு (பிள்ளை தன் விசுவாசத்தைச் சபை முன் அறிக்கையிடும் ஆராதனைக்கு) முந்தின இரண்டு மாதத்தில் அவசரமாக மனப்பாடம் செய்வித்தால், படிப்பு அன்றோடு முடிந்துவிடும். ஏழு வயதில் தொடங்கி வாரம் ஒரு கேள்வி, வசன ஆதாரத்தோடு போதும். பதினான்கு, பதினைந்து வயதில் பிள்ளை சந்தேகம் கேட்டால் அதட்டக் கூடாது. வீட்டில் கேட்க முடியாத கேள்வியை அவன் இணையத்தில் கேட்பான், அங்கே பதில் சொல்லுகிறவருக்கு அவன்மேல் அன்பில்லை.

உபதேசத்தில் உறுதியாயிருக்கிறவர்களுக்கும் ஒரு கண்ணி இருக்கிறது. எபேசு சபை கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துப் பொய்யரென்று கண்டுபிடித்த சபை. ஆண்டவர் அதை வெளிப்படுத்தல் 2:2-ல் பாராட்டுகிறார். இரண்டே வசனம் தள்ளி, ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய் என்கிறார். பிறர் தப்பைக் கண்டுபிடிப்பதிலேயே நாளெல்லாம் செலவிட்டு, விவாத வீடியோக்களை மட்டும் பார்த்து, ஜெபம் வறண்டு, சகோதரர்மேல் கசப்போடு இருக்கிறவரும் விலகித்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

விலகினவர்களைத் தேடிப்போகும்போது எல்லாருக்கும் ஒரே வார்த்தை உதவாது. யூதா நிருபம் 25 வசனம்தான். 22, 23-ல் சிலருக்கு இரக்கம் பாராட்டவும் சிலரை அக்கினியிலிருந்து இழுத்துவிடவும் சொல்லி, ஆளுக்கு ஆள் வித்தியாசம் காட்டுகிறது. ஒருவர் சந்தேகத்தில் போயிருப்பார், ஒருவர் சபையில் பட்ட காயத்தில், ஒருவர் விடமுடியாத பாவத்தில், ஒருவர் வேறு உபதேசத்தில், ஒருவர் மனச்சோர்வில். மனச்சோர்வில் இருக்கிறவருக்கு மருத்துவரும் தேவைப்படலாம், அவரிடம் "விசுவாசக் குறைவு" என்று சொல்லிவிடாதீர்கள். காயப்பட்டவரிடம் முதல் சந்திப்பில் எபிரெயர் 10:25-ஐ வாசித்தால் இரண்டாம் சந்திப்பு இருக்காது. முதலில் போய் உட்கார்ந்து கேளுங்கள். சபை தப்பு செய்திருந்தால் தப்பு என்று ஒப்புக்கொள்ளுங்கள். பாவத்தில் இருக்கிறவரிடம் கலாத்தியர் 6:1 சொல்லுகிறபடி சாந்தமுள்ள ஆவியோடு, ஆனால் பாவத்தைப் பாவம் என்றே பேசுங்கள்.

திரும்பி வந்தவரை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியும் பழையதே. கி.பி. 250-ல் ரோமச் சக்கரவர்த்தி தேசியு எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றுச்சீட்டு பெற வேண்டும் என்று கட்டளையிட்டான். கிறிஸ்தவர்களில் ஏராளமானவர்கள் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சீட்டு மட்டும் வாங்கினார்கள். உபத்திரவம் தணிந்ததும் கூட்டமாகத் திரும்பினார்கள். ரோமாபுரியில் நொவாத்தியன் என்ற சபை மூப்பன் அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றான். வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜில் சிலர் எந்த விசாரணையுமின்றி உடனே சேர்த்துக்கொண்டார்கள். கார்த்தேஜின் கண்காணி (பேராயர்) சிப்ரியான் 251-ல் மற்றக் கண்காணிகளோடு கூடி ஆலோசித்தார். சீட்டு வாங்கினவர் வேறு, பலியிட்டவர் வேறு என்று பிரித்து, அவரவர் மனந்திரும்புதலை விசாரித்துச் சேர்ப்பது என்று முடிவானது. கதவும் மூடப்படவில்லை, பாவமும் லேசாக்கப்படவில்லை.

இன்றைக்கு நடக்கும் தவறு பெரும்பாலும் அவசரம். திரும்பி வந்தவரை அடுத்த ஞாயிறே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைத்து, அடுத்த மாதம் வாலிபர் கூட்டத்தை ஒப்படைக்கிறார்கள். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே என்று 1 தீமோத்தேயு 5:22 சொல்லுகிறது. குறைந்தது ஆறு மாதம் அவர் பொறுப்பு எதுவுமின்றி ஆராதனையில் உட்காரட்டும். சபையில் முதிர்ந்த ஒருவர் வாரம் ஒருமுறை அவரோடு ஒரு சுவிசேஷத்தை ஆரம்பத்திலிருந்து வாசிக்கட்டும். மாற்கு 16 அதிகாரம். வாரம் ஒன்றாக நான்கு மாதத்தில் முடியும், அதற்குப்பின் இருவரும் கொலோசெயரைத் தொடங்கலாம். இடையில் மறுபடியும் வராமல் போனால், மூன்றாம் வாரம் வரை காத்திருக்காமல் அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.